இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரு சிந்தசைசரும்

ஞாயிற்றுக்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றபோது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் இனி ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லை அந்தப் பூனை இருக்க வேண்டும்.

முடிவெடுத்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. இதை இப்போதே போய் மனைவியிடம் அறிவித்துவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தார். வைத்த அடியை உடனே திரும்ப எடுத்துக்கொண்டார். "சரிங்க, எப்ப கிளம்பறீங்க?" என்று அவள் கேட்டுவிட்டால்?

எனவே அறிவிப்பு ஒத்திவைக்கப்பட்டது. முடிவு மட்டும் நுரையோடு நின்றது.

இருபத்திரண்டு வருஷமாக அவர் ஊரார் கண்களைச் சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவர். "இது தெளிவா இருக்கா? இப்ப? முன்னாடி போட்டது தெளிவா, இப்ப போட்டது தெளிவா?" என்று தூக்கத்தில்கூடக் கேட்பார். ஆனால் சொந்த வீட்டில் நடப்பது மட்டும் அவர் கண்ணுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. பதினோரு வருஷமாக, பின்னாலிருக்கும் அறையில் பல்லைத் துளைக்கிற மெஷின் 'ஙொய்ய்ங்' என்று அலறுவதைக் கேட்டுக்கொண்டே, "உக்காருங்க, ஒண்ணும் வலிக்காது" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் கைப்பையைத் தூக்கி சோபாவில் போட்டு, "ஏங்க, எனக்கு வேற சத்தம் வேணும்" என்றாள்.

தன் குறட்டையைத்தான் சொல்கிறாள் என்று அவர் பதறிவிட்டார். அவள் கேட்டது சிந்தசைசர்.

வீடு காலி செய்துகொண்டிருந்த ஒரு கீபோர்டு கலைஞரிடம் பழைய சிந்தசைசர் ஒன்று இருந்தது. கட்டில் பலகை அளவு பெரியது. ஆர்மோனியம் மாதிரி வரிசையாகக் கட்டைகள், நிறையத் திருகுகள், நிறையப் பொத்தான்கள், நடுவில் எண் காட்டும் சிவப்பு விளக்கு. அதன் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதை எடுத்துக்கிட்டா அதையும் எடுத்துக்கணும் சார்," என்றார் கலைஞர். "பழைய பெட்டி. போட்டு பத்து நிமிஷத்துல முதுகு சூடாயிடும். குட்டியிலேர்ந்து அது மேலேயேதான் தூங்குது. பிரிச்சுடாதீங்க."

பெண்களுக்குச் 'சக்களத்தி' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆண்களுக்கு அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது. கடைக்காரருக்குத் தேவைப்பட்டது. தன் சக்களத்தனைத் தானே சுமந்து இரண்டு மாடி ஏறியவர் அவர். தோளில் பெட்டி, பெட்டி மேல் பூனை. வழியெல்லாம் அது இறங்கவே இல்லை.

வந்த அன்றே அது வீட்டிலேயே நல்ல நாற்காலி எது என்று பார்த்து அதில் ஏறிக்கொண்டது. வைத்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. துரும்பைக்கூட அசைக்கவில்லை.

"அப்படியே மாப்பிள்ளை மாதிரியே இல்ல?" என்று மனைவி பூரித்துப் போனாள்.

பெயர் நிலைத்துவிட்டது. தொல்லையும் அங்கேதான் ஆரம்பம். அதுவரை அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் அவர் ஒருவர்தான். மாமியார் வாரா வாரம் போனில் அவரைத்தான் அப்படி விசாரிப்பார்.

"மாப்பிள்ளை எப்படிம்மா இருக்கார்?"

"இருக்கார்மா. காலைல ரெண்டு தடவை வாந்தி. முடி உள்ள போயிருக்கும்."

"அய்யோ! முடி கொட்டுதா அவருக்கு?"

"கொட்டுதாவா? வீடு பூரா அவர் முடிதான். நேத்து சோபாவை வேற பிராண்டி வெச்சிருக்கார்."

"என்னடி இது! அவ்வளவு கோபமா?"

"கோபமெல்லாம் இல்லம்மா. நகம் வெட்டி ரொம்ப நாளாச்சு. நாளைக்கு நான் பிடிச்சுக்கிட்டு வெட்டி விடறேன்."

பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் தன் வழுக்கையையும் தன் நகங்களையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது அந்தக் குழைவு. சாயங்காலம் ஆறு மணிக்குச் செருப்பைக் கழற்றும்போதே, "வந்துட்டேன் மாப்பிள்ளை! ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டேனா?" என்பாள். ஆரம்பத்தில் இவர், "பரவால்லம்மா, இப்பதான் டீ போட்டேன்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து வருவார். அதற்குள் அவள் உள்ளறைக்குப் போயிருப்பாள். டீ ஆறும். அவர் வயிறு மட்டும் சூடாகும்.

உள்ளே அவள் பெட்டியைப் போடுவாள். ஒவ்வொரு திருகுக்கும் கீழே அவளே காகிதம் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தாள். 'முனகல்', 'இழுவை', 'கூர்மை', கடைசியில் 'கிறுக்கு'. அவள் வாசிக்க வாசிக்க, பூனை சூடான முதுகிலிருந்து எழுந்து சோம்பல் முறித்துக் கட்டைகள் மேல் ஒரு நடை நடக்கும். டொய்ங். டிர்ர். டொட் டொட் டொய்ய்ங்.

"அடடா!" என்று அவள் சிலிர்த்துப் போவாள். "இதுக்கப்புறம் இந்தச் சுரம்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க மாப்பிள்ளை! இன்னொரு தடவை நடங்க!"

உடனே அது பதிவாகும். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கப்படும்.

ஒரு நாள் மின்விசிறியைத் துடைக்க நாற்காலி மேல் ஏறிய கடைக்காரர் தடுமாறி முழங்கையைக் கட்டைகள் மேல் ஊன்றிவிட்டார். சத்தியமாக அதே டொய்ங். பூனைக்கு வந்த அதே டொய்ங்.

"ஏங்க, கையை எடுங்க," என்றாள் மனைவி.

பூனையின் கால் பட்டால் கலை. இவர் கை பட்டால் கை.

இதையும்கூட விழுங்கியிருப்பார். ஆனால் சனிக்கிழமை நூலகத்து வாசலில் ஒரு சுவரொட்டி ஏறியது. 'சிந்தசைசர் இசை மாலை. வாசிப்பவர்கள்: பல் ஆஸ்பத்திரி அக்காவும் மாப்பிள்ளையும்.'

காலையிலிருந்து கடைக்கு வந்தவர்களெல்லாம் கை குலுக்கினார்கள். "சார், சொல்லவே இல்லையே! நீங்களும் வாசிப்பீங்களா?" இவர் முதலில் விழித்தார். பிறகு சுவரொட்டியைப் போய்ப் பார்த்தார். பிறகு மெதுவாகப் புன்னகைத்தார். பாவம், அவளுக்கு நேரில் கேட்கக் கூச்சம், ஊரறியப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் வந்த ஒரு வாடிக்கையாளரிடம், "ஏதோ நம்மால முடிஞ்சது" என்றுகூடச் சொல்லிவிட்டார். சாயங்காலம் முடி வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"நான் என்ன வாசிக்கணும்னு சொல்லவே இல்லையேம்மா?"

"நீங்களா? நீங்க எதுக்கு வாசிக்கணும்?"

"சுவரொட்டியில போட்டிருக்கே... மாப்பிள்ளையும்னு?"

அவள் அவரைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். புதிதாக வெட்டிய முடியைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்காரும்வரை சிரித்தாள். "அது இவருங்க!"

மறுநாள் காலைதான் அந்தப் பல் துலக்கும் சபதம்.

எதிர்வீட்டில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இருந்தார். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையையும் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றில் அடக்கிவிடுகிற ஆள். மாடிப்படியில் நின்று கடைக்காரர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"பூனையைப் பிடிச்சு எங்கயாவது விட்டுடலாமா மாஸ்டர்?"

"திடீர் பிரேக் போடாதீங்க சார். பின்னால வர்றவங்க இடிப்பாங்க."

"பின்னால யாரு வர்றாங்க?"

"உங்க வீட்டம்மாதான். நீங்க விட்டீங்கன்னு தெரிஞ்சா சும்மா இருப்பாங்களா? அதுவாப் போகணும். தானாக் கோச்சுக்கிட்டுப் போகணும்."

"அது எப்படிப் போகும்? ராஜ மரியாதை நடக்குது."

மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். "பூனைக்குக் காது ரொம்பக் கூர்மை சார். ஏதோ ஒரு சத்தம் அதுக்கு ஆகவே ஆகாது. என் ஸ்கூட்டருக்கு ஒரு பூனை ஓடுச்சு. ஹாரனுக்கு ஒரு பூனை ஓடுச்சு. இதுக்கு எது ஆகாதுன்னு கண்டுபிடிக்கணும். அதான் வீட்லயே சத்தம் போடற பெட்டி வெச்சிருக்கீங்களே."

கடைக்காரர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளாத குறை. பகைவனின் படுக்கையே ஆயுதம்! கச்சேரிக்கு மூன்று வாரம் இருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து கடைக் கதவில் 'சாப்பாட்டு இடைவேளை, 1 முதல் 3 வரை' என்ற அட்டை தொங்கியது. அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் அவரும் பூனையும் மட்டும். மனைவி திருகுகளை எந்தக் கோணத்தில் விட்டுப் போயிருக்கிறாள் என்று முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்வார். தடயம் இருக்கக் கூடாதல்லவா? பிறகு பெட்டியைப் போடுவார். பூனை அதன் மேல் ஏறிப் படுக்கும். ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்க்கும்.

முதல் நாள் 'கூர்மை'யை முழுக்கத் திருகினார். கீச்ச்ச் என்றது. அவருக்கே பல் கூசியது. பூனை கொட்டாவி விட்டது.

இரண்டாம் நாள் 'முனகல்'. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பூனைக்கு அது தாலாட்டாக இருந்திருக்க வேண்டும். குறட்டை விட்டது.

"இது எப்படி இருக்கு?" என்று தொழில் பழக்கத்தில் பூனையையே கேட்டார். "முன்னாடி போட்டது மோசமா, இப்ப போட்டது மோசமா? நல்லாக் கேட்டுச் சொல்லு. அவசரமில்ல."

பூனை வாலை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றி வைத்தது.

ஐந்தாவது நாள் 'இழுவை', 'முனகல்' இரண்டையும் பாதிப் பாதி வைத்து மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். மழைக்கு முன் வீட்டுக்குள் இருட்டுமே, அந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஏனோ கையை எடுக்க மனம் வரவில்லை. இன்னொரு விரலை வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பூனையை மறந்தே போனார். மணியைப் பார்த்தபோது மூன்றரை. கடைக்கு ஓடினால், வாசலில் ஒரு பாட்டி பழைய கண்ணாடியோடு கதவைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனவர் சிவப்பு விளக்கில் 47 என்று வந்ததும் ஒரு கட்டையைத் தட்டினார்.

ஙொய்ய்ய்ங்!

அச்சு அசல் பல் துளைக்கும் மெஷின். மனைவி விளையாட்டாகச் செய்து சேமித்து வைத்திருக்கிறாள். கடைக்காரரின் கடைவாய்ப்பல் தானாக வலித்தது. பூனை எகிறி எழுந்தது. முதுகு வில்லாக வளைந்தது. வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஆனது. இன்னொரு முறை தட்டினார். ஙொய்ய்ய்ங்! பூனை ஒரே தாவில் ஜன்னலுக்குப் போய், விளிம்பில் நின்று, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரை மதித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே இருந்த சன்ஷேடில் குதித்துப் போய்விட்டது.

கடைக்காரர் அறை நடுவில் நின்று சத்தமில்லாமல் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். பிறகு தாளைப் பார்த்துத் திருகுகளை எல்லாம் பழையபடி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் வந்தவர்கள் எல்லோருக்கும் பார்வை நன்றாக இருப்பதாகவே சொன்னார்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. "வந்துட்டேன் மாப்பிள்ளை!"

"வாம்மா," என்றார் இவர், உரிமையோடு.

உள்ளறைக்குப் போனவள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. "மாப்பிள்ளையைக் காணோங்க."

"இங்கதான் எங்கயாவது இருக்கும். வந்துடும்."

வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. அவள் பெட்டியைப் போடவே இல்லை. உள்ளறைக் கதவு சாத்தியே கிடந்தது. சாயங்காலம் வந்தால் இவர் போட்ட டீயை வாங்கிக் குடித்தாள். "நல்லா இருக்கா?" என்றால், "ம்." "கச்சேரிக்கு என்ன பண்ணப் போற?" என்றால், "தெரியல." அவ்வளவுதான்.

கடைக்காரருக்கு ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பக்கத்தில் மனைவி. கையில் அவர் போட்ட டீ. வீட்டில் ஒரே மாப்பிள்ளை. ஆனால் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டொய்ங் டிர்ர் இல்லாமல் வீடு ஆஸ்பத்திரி வரவேற்பறை மாதிரி இருந்தது. நான்காம் நாள் அவள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்தபோது இவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இதை நான்தானே செய்தேன் என்று தட்டைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் 'சாப்பாட்டு இடைவேளை'யில் ஒரு தட்டில் மீனை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக இறங்கிவிட்டார்.

"மாப்பிள்ளை! மாப்பிள்ளை! வாங்க மாப்பிள்ளை, கோபம் வேண்டாம்!"

மூன்றாவது சந்தில் ஒரு வீட்டுக் கதவு திறந்து லுங்கியோடு ஒரு இளைஞன் எட்டிப் பார்த்தான். "என்னையா கூப்பிட்டீங்க? எங்க மாமனார் அனுப்பிச்சாரா?"

"இல்ல தம்பி, இது வேற மாப்பிள்ளை."

"மீனெல்லாம் கொண்டு வந்திருக்கீங்க?" அவன் குரலில் ஏக்கம் இருந்தது. "எங்க மாமனார் ஒரு நாள்கூட இப்படித் தேடிக்கிட்டு வந்ததில்லங்க."

இரண்டு நாள் தேடியும் பூனை அகப்படவில்லை. கச்சேரிக்கு ஐந்து நாள் இருக்கும்போது மனைவி கைப்பேசியை எடுத்து, "நூலகத்துக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள். சொல்லும்போது குரல் கம்மியது.

அந்தக் குரலைக் கேட்டதும் கடைக்காரருக்கு என்ன ஆயிற்றோ, "நான் வாசிக்கறேன்" என்றார்.

"என்னது?"

"அந்த மாப்பிள்ளைக்குப் பதிலா இந்த மாப்பிள்ளை."

"விளையாடாதீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் விடுவிடுவென்று உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைப் போட்டார். 'இழுவை' பாதி, 'முனகல்' பாதி, மூன்று கட்டை, பிறகு நான்காவது விரல். மழைக்கு முந்தைய அந்த இருட்டுச் சத்தம் அறையை நிறைத்தது. திரும்பிப் பார்த்தார். அவள் கதவில் சாய்ந்து வாயில் கை வைத்து நின்றாள். கண் பளபளத்தது.

"எப்பங்க கத்துக்கிட்டீங்க?"

"ஏதோ... உன்னைப் பார்த்துப் பார்த்து," என்றார் கூசாமல்.

அந்த ஐந்து நாள் அவர் வாழ்க்கையில் மறக்க முடியாதது. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் இருந்த சின்ன சிந்தசைசரை அவள் இரவல் வாங்கி வந்தாள். பெரிய பெட்டியில் அவள், சின்னதில் அவர், காதில் ஆளுக்கொரு ஹெட்போன். அவர் விரலைப் பிடித்துக் கட்டை மேல் வைத்தாள். "இப்படி இல்லங்க, இப்படி. மெதுவா." கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் கையைப் பிடித்ததில்லை. போனில் மாமியார் கேட்டபோது, "மாப்பிள்ளை இப்பல்லாம் நல்லா வாசிக்கறார்மா" என்றாள். எந்த மாப்பிள்ளை என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சுகத்தில் பூனையைப் பற்றிய உறுத்தல்கூடக் கொஞ்சம் மங்கிப் போனது.

ஞாயிறு சாயங்காலம் நூலகக் கூடத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. கடை வாடிக்கையாளர்கள் முன்வரிசையில் அவர் மாட்டிவிட்ட கண்ணாடிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மனைவியே வயர்களையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சொருகினாள். சின்னப் பெட்டியில் பச்சை விளக்குகள் எரிந்தன.

வாசித்தார்கள். கூடத்தில் பெரிய ஸ்பீக்கர்கள். எல்லாச் சத்தமும் கலந்து அலையாக வந்தது. எது தன்னுடையது, எது அவளுடையது என்று பிரித்துக் கேட்க அவருக்கு நேரமில்லை. கண்ணை மூடினார். தோளைக் குலுக்கினார். தலையை ஆட்டினார். 'கிறுக்கு'ப் பகுதி வந்தபோது பத்து விரலும் பறந்தன. டொய்ங் டிர்ர் டொட் டொட் டொய்ய்ங்! யாரும் எதிர்பாராத இடத்தில் யாரும் எதிர்பாராத சுரங்கள் தெறித்தன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நூலக அம்மாள் மைக்கைப் பிடித்து, "அந்தக் கடைசிப் பகுதி! மாப்பிள்ளை அசத்திட்டார்!" என்றார்.

கடைக்காரர் குனிந்து வணக்கம் சொன்னார். நிமிர்ந்து இன்னொரு வணக்கம் சொன்னார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

சாமான்களை ஏற்றிப் போக டிரைவிங் மாஸ்டர் தன் பயிற்சிக் காரைக் கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் முன் சீட்டில் கால் மேல் கால் போட்டு அமர்ந்தார். பின் சீட்டில் மனைவி, வயர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு. மாஸ்டர் வண்டியைப் பின்னால் எடுத்தார். வழக்கமான 'பீப் பீப்' வரவில்லை. அருமையான ஒரு சின்ன மெட்டு வந்தது.

"என்ன மாஸ்டர், ரிவர்ஸுக்கெல்லாம் சங்கீதமா?"

"உங்க வீட்டம்மாதான் சார் செஞ்சு குடுத்தாங்க. மூணு வாரமாச்சு."

"மூணு வாரமா? எதுக்கு?"

மாஸ்டர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார். பிரேக்கைத் தேடுகிறவர் மாதிரி இருந்தார்.

"சும்மாதாங்க," என்றாள் மனைவி. "நீங்க அவர்கிட்ட படியில நின்னு பேசினதை அன்னிக்கே எங்கிட்ட வந்து சொன்னார். அதுக்கு ஒரு நன்றி."

கடைக்காரரின் மேல் கால் கீழே இறங்கியது.

"அப்ப பூனை...?"

"மாஸ்டர் வீட்லதான் இருக்கார். குதிச்ச அன்னிக்கே நேரா அங்கதான் போயிருக்கார். சாப்பாடெல்லாம் பிரமாதமாம்."

"நான் மீனைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சேனே!"

"ஜன்னல்லேர்ந்து ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டுதான் இருந்தோம் சார்," என்றார் மாஸ்டர். "நானும் அதுவும்."

கடைக்காரர் பின்னால் திரும்பினார். "அப்ப நான் மத்தியானம் வந்து வாசிச்சது...?"

"முதல் நாளே தெரியும். நான் திருகை எல்லாம் எப்பவும் ரெண்டு கோட்டுக்கு நடுவுல கோணலாத்தான் விட்டுட்டுப் போவேன். வந்து பார்த்தா கண்ணாடி ஃபிரேம் மாதிரி எல்லாம் கோட்டு மேல அச்சா நேரா நிக்குது. இந்த ஊர்ல வேற யாருக்கு அந்த நேர்த்தி வரும்? அப்புறம் அந்த நம்பரை மாத்தாமயே போயிட்டீங்க. மாப்பிள்ளையைக் காணோமேன்னு அன்னிக்கு சாயங்காலம் பெட்டியைப் போட்டா 47னு எரியுது."

"தெரிஞ்சுமா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தே? பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனியே!"

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில டாக்டரம்மாவுக்குப் பிறந்தநாள். வயிறு நிறைய கேக்."

"ஏம்மா இப்படி?"

"வேற என்னங்க பண்றது? 'வாங்க, பக்கத்துல உக்காருங்க, சேர்ந்து வாசிக்கலாம்'னு ரெண்டு வருஷமாக் கூப்பிட்டேன். நியூஸ் முடியட்டும்னீங்க. உங்க நியூஸ் என்னிக்குங்க முடிஞ்சிருக்கு?"

கார் சிக்னலில் நின்றது. கடைக்காரர் சிவப்பு விளக்கையே பார்த்தார். அவள் சொன்னது உண்மை என்பது இப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. கோபப்படலாமா என்று யோசித்தார். இந்த ஐந்து நாளும் அவள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததை நினைத்தார். கோபம் வரவில்லை. பச்சை விளக்கு விழுந்தது.

"சரி, போகட்டும்," என்றார் பெருந்தன்மையாக. "பூனை நாளைக்கே வரட்டும். எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். இன்னிக்கு எழுந்து நின்னு கைதட்டினாங்களே, அதுக்கு முன்னால உன் பூனையெல்லாம் எந்த மூலைக்கு?"

பின்னால் மனைவி வயர்ப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவர் பெருந்தன்மையின் அடுத்த படிக்கு ஏறினார். "அந்தப் பையை இங்க குடு, வயரையெல்லாம் நான் சுத்தி வெக்கறேன். இது உன் பெட்டிக்கு. இது கரண்டுக்கு. இதுவும் கரண்டுக்கு... என் பெட்டிலேர்ந்து ஸ்பீக்கருக்குப் போன வயர் எங்கம்மா? மறந்து விட்டுட்டு வந்துட்டமா?"

"இல்லங்க."

"அப்ப எங்க?"

"அதை வீட்லேர்ந்து எடுத்துக்கிட்டே வரல."

டிரைவிங் மாஸ்டர் சட்டென்று ரோட்டை மிகக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்ப... அந்தக் கடைசிப் பகுதி? டொய்ங் டிர்ர்னு வந்ததே? எழுந்து நின்னாங்களே?"

"அது போன மாசம் பூனை நடந்தப்ப பதிவு பண்ணி வெச்சதுங்க," என்றாள் மனைவி ஆறுதலாக. "ஆனா நீங்க தலையை ரொம்ப நல்லா ஆட்டினீங்க."